செல் போடாத துளை

மூளை கடந்த பாதை – 19

சென்ற இதழை ஸ்பெயின் நாட்டு சாந்தியாகோ ரமோன் இ கஹாலோடு நிறுத்தியிருந்தோம். வளர்ந்தவரின் மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புப் பாதைகள் முடிந்துபோன விஷயம். செத்தது செத்ததுதான், மறுபடி முளைக்காது என்று தம் பெருநூலில் தீர்ப்பு எழுதியவர் அவர். முடியுமானால் இந்தத் தீர்ப்பை வருங்கால அறிவியல் மாற்றட்டும் என்றும் கூடவே எழுதிவைத்தார். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை வேதமாக எடுத்துக்கொண்டு, இரண்டாம் பாதியை மறந்துவிட்டார்கள்.

சரி, தானாக முளைக்காது. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டால்? இந்தக் கேள்வி கஹாலின் நூலுக்கும் முந்தையது.

1890-இல் நியூயார்க்கில் வால்டர் கில்மன் தாம்சன் என்ற மருத்துவர் ஒரு நாயின் மூளைப் புறணியில் சிறு துண்டை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் ஒரு பூனையின் மூளைத் துண்டை வைத்தார். ஏழு வாரம் கழித்துப் பார்த்தபோது துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ‘வெற்றிகரமான மூளை ஒட்டு’ என்று தலைப்புப் போட்டுக் கட்டுரையும் எழுதினார். அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது பெரும்பாலும் தழும்பும் அழற்சிச் செல்களுமாகத்தான் இருக்கும் என்பது இன்றைய கணிப்பு. நாய்க்கு அதனால் என்ன பலன் என்று யாரும் கேட்கவில்லை. திசு ஒட்டினாலே வெற்றி என்று முரசு கொட்டும் பழக்கம் இந்தத் துறைக்கு அன்றே வந்துவிட்டது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்தப் பழக்கத்தோடு நடந்த மல்லுக்கட்டுதான்.

முதலில் ஒழுங்காகக் கணக்குச் சொன்னவர் ஒரு பெண். எலிசபெத் ஹாப்கின்ஸ் டன், சிகாகோ. பிறந்து சில நாளே ஆன எலிக்குஞ்சுகளின் புறணித் துண்டை அவற்றின் உடன்பிறப்புகளின் மூளைக்குள் வைத்துப் பார்த்து, 1917-இல் முடிவை வெளியிட்டார். 46 முயற்சி, பிழைத்தது 4. நாற்பத்திரண்டு தோல்வியை மறைக்காமல் எழுதியதோடு, பிழைத்த நான்கும் மூளை அறைக்குள் ரத்தக் குழாய்கள் நிறைந்த பின்னலைத் தொட்டுக்கொண்டிருந்தன என்பதையும் கவனித்துச் சொன்னார். இளம் திசு, பக்கத்தில் ரத்த ஓட்டம்: இந்த இரண்டும் வேண்டும் என்பது இன்றைக்கும் மாறாத பாடம். ஆனால் அரை நூற்றாண்டுக்கு அந்தக் கட்டுரையைச் சீந்துவார் இல்லை.

1971-இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் கோபால் தாஸும் ஜோசஃப் ஆல்ட்மனும் சந்தேகத்துக்கு இடமில்லாத சான்றைத் தந்தார்கள். எலிக்குஞ்சின் சிறுமூளையில் பிரிந்துகொண்டிருக்கும் இளம் செல்களுக்குக் கதிரியக்க அடையாளம் இட்டு, வேறொரு குஞ்சின் சிறுமூளையில் வைத்தார்கள். பிறகு சீவிப் பார்த்தால் அடையாளமிட்ட செல்கள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. வளர்ந்த எலியின் மூளையிலும் புது நரம்பணுக்கள் பிறக்கின்றன என்று 1960-களிலேயே சொல்லி, கேட்க ஆளில்லாமல் நின்ற அதே ஆல்ட்மன்தான். இந்த முறையும் கைதட்டல் உடனே வரவில்லை.

வந்தது ஸ்வீடனில். லுண்ட் நகரில் ஆண்டர்ஸ் பியோர்க்லுண்டும் உல்ஃப் ஸ்டெனேவியும், அவர்களோடு போட்டிபோட்டு அமெரிக்கக் குழு ஒன்றும், 1979-இல் ஒரே முடிவுக்கு வந்தார்கள். டோபமைன் சுரக்கும் செல்களை அழித்து நடுக்குவாதம் போன்ற நிலைக்குக் கொண்டுவந்த எலிகளுக்கு, எலிக் கருவின் டோபமைன் செல்களை வைத்தால் நடை திருந்துகிறது. துண்டு ஒட்டுவதோடு நிற்காமல் வேலையும் செய்கிறது என்பது முதன்முதலாகத் தெரிந்தது.

அங்கிருந்து மனிதருக்குத் தாவ அதிக நாள் ஆகவில்லை. 1987-இல் மெக்சிகோவின் இக்னாசியோ மத்ராசோ, நோயாளியின் சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரினல் சுரப்பியிலிருந்தே திசுவை எடுத்து மூளையில் வைத்து, இரண்டு பேர் பிரமாதமாகத் தேறிவிட்டதாக எழுதினார். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கில் அறுவைகள் நடந்தன. மற்றவர்கள் கையில் அந்தப் பிரமாதம் வரவில்லை. நோயாளிகள் சிலர் இறந்தார்கள். பிணக்கூறாய்வில் வைத்த செல்களைக் காணோம். சில ஆண்டுகளில் அந்த அறுவையை எல்லோரும் சத்தமில்லாமல் கைவிட்டார்கள்.

அதே ஆண்டு லுண்டில் கருத்திசு அறுவை தொடங்கியது. சிலருக்கு நிஜமாகவே பலன் இருந்தது. ஆனால் அட்ரினல் கதையில் சூடுபட்ட அமெரிக்கர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். மண்டையைத் துளைத்து மூளையில் ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தாலே நோயாளிக்கு ஒரு தெம்பு வருகிறது. நடுக்குவாதத்தில் அந்தத் தெம்பே கையை லேசாக்கிவிடும். எது செல்லின் வேலை, எது தெம்பின் வேலை என்று பிரிப்பது எப்படி?

டென்வரின் கர்ட் ஃப்ரீடும் நியூயார்க்கின் ஸ்டான்லி ஃபானும் ஒரு வழி கண்டார்கள். நாற்பது நோயாளிகள். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குக் கருத்திசு, பாதிப் பேருக்கு வெறும் துளை. எல்லோருக்கும் அதே அறுவை அரங்கு. விழித்திருக்கும்போதே நெற்றியில் மரப்பு ஊசி, அதே துளைக்கருவியின் இரைச்சல். ஒரு பிரிவினருக்கு ஊசி மூளைக்குள் இறங்கும். மறு பிரிவினருக்கு எலும்பில் துளை விழுந்ததும், மூளையைச் சுற்றியுள்ள டியூரா உறையைத் தொடாமல் நிறுத்திவிடுவார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பிறகு பரிசோதித்து மதிப்பெண் போடும் மருத்துவருக்கும் தெரியாது. ஓர் ஆண்டு முடிந்ததும் உண்மையைச் சொல்லி, வெறும் துளைக்காரர்கள் விரும்பினால் அவர்களுக்கும் திசு வைக்கலாம்.

பெரிய சண்டை மூண்டது. ஒன்றும் வைக்காமல் மண்டையைத் துளைப்பது அறமா என்று மருத்துவ அறவியல் அறிஞர் ரூத் மேக்லின் 1999-இல் எழுதினார். கேள்வி நியாயமானது. ஆனால் அட்ரினல் கதையில் துளை மட்டுமா போட்டார்கள்? வயிற்றையும் திறந்தார்கள், ஒப்பிட ஆளே வைத்துக்கொள்ளாமல். இருபது பேருக்குத் துளை போட்டு உண்மையைக் கண்டுபிடிப்பதா, நூற்றுக்கணக்கானோருக்குப் பலனில்லாத அறுவை செய்வதா என்று கேட்டால் நான் இருபதின் பக்கம்தான்.

2001-இல் முடிவு வந்தது. ஓராண்டு கழித்து நோயாளிகள் தாங்களே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணில், இரு குழுக்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வயது குறைந்தவர்களுக்கு மருத்துவர் போட்ட மதிப்பெண்ணில் கொஞ்சம் முன்னேற்றம். திசு பெற்றவர்களில் நூற்றுக்கு 15 பேருக்குப் பின்னால் கட்டுப்படுத்த முடியாத உடல் முறுக்கலும் ஆட்டமும் வந்தன.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, இதே ஆய்வை ஒட்டி சிந்தியா மெக்ரே என்பவர் 2004-இல் வெளியிட்ட கணக்கு. உங்களுக்கு எது வைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று நோயாளிகளைக் கேட்டுவைத்திருந்தார்கள். திசு வைத்ததாக நம்பியவர்கள், உண்மையில் வெறும் துளைதான் என்றாலும், தங்கள் வாழ்க்கை மேம்பட்டதாகச் சொன்னார்கள். எது நடந்தது என்பதைவிட எது நடந்ததாக நம்பினார்கள் என்பது பலனை அதிகம் தீர்மானித்தது. விவரம் தெரியாத மருத்துவர்கள் போட்ட மதிப்பெண்கூட நோயாளியின் நம்பிக்கைப் பக்கமே சாய்ந்திருந்தது.

இந்தச் செல் போடாத துளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி தலைக்காயத்துக்கு வருவோம்.

நடுக்குவாதத்தில் ஒரு வகைச் செல், ஓரிடத்தில், வருடக்கணக்கில் மெல்ல அழிகிறது. தலைக்காயம் அப்படியல்ல. வண்டியிலிருந்து விழுந்த நொடியில் மூளை மண்டைக்குள் குலுங்கி எலும்பில் மோதுகிறது, ஓரிடம் நசுங்குகிறது, தூரத்தில் உள்ள நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. அது முதல் சுற்று. அடுத்த சில மணி நேரத்தில் இரண்டாம் சுற்று: செத்த செல்களிலிருந்து வழியும் குளூட்டமேட் பக்கத்துச் செல்களையும் கொல்கிறது, ரத்தக் குழாய்கள் கசிகின்றன, மூளை வீங்குகிறது, அழற்சிச் செல்கள் உள்ளே புகுகின்றன. இந்தச் சுற்று நாள்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஓடும். எந்தச் செல்லை நட்டு எதை ஈடுகட்டுவது?

ஆனாலும் முயன்றார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டிரேசி மெக்கின்டாஷ், எலிகளுக்கு அளவோடு தலைக்காயம் உண்டாக்கும் ஒரு கருவியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். உப்புநீர் நிரப்பிய நீண்ட உருளை. ஒரு முனையில் அடைப்பான், மறுமுனை மயக்கத்தில் உள்ள எலியின் மண்டைத் துளையில் பொருந்தியிருக்கும். ஊசல் ஒன்று ஆடிவந்து அடைப்பானைத் தட்டும். நீரின் அழுத்த அலை கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக மூளையை மோதி நிற்கும். ஊசலை எவ்வளவு உயரத்திலிருந்து விடுகிறோமோ அவ்வளவு காயம்.

வைக்க வேண்டிய செல்லும் அதே பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. அதன் பூர்வீகம் விசித்திரமானது. 22 வயது இளைஞர் ஒருவருக்கு விதைப்பையில் வந்து நுரையீரலுக்குப் பரவிய புற்றுநோய்க் கட்டியிலிருந்து 1970-களில் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுத்த செல்வழி அது. வைட்டமின் ஏ-யின் உறவான ரெட்டினாயிக் அமிலத்தில் பல வாரம் ஊறவைத்தால் அந்தப் புற்றுச் செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டு நரம்பணுவாக மாறின. வர்ஜீனியா லீயும் ஜான் ட்ரோஜனோவ்ஸ்கியும் இதை மெருகேற்றினார்கள். கருக்கலைப்புச் சர்ச்சை இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் வளர்க்கலாம், உறையவைத்து அனுப்பலாம். புற்றுநோயிலிருந்து மருந்தா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

1998-இல் பிட்ஸ்பர்க்கில் டக்ளஸ் கொண்ட்ஸியோல்கா இந்தச் செல்களை முதன்முதலாக மனித மூளைக்குள் செலுத்தினார். காயத்துக்கு அல்ல, பக்கவாதத்துக்கு. 12 பேர். யாருக்கும் புற்றுநோய் வரவில்லை. அவர்களில் ஒருவர் 27 மாதம் கழித்து மாரடைப்பில் இறந்தார். பிணக்கூறாய்வில், ஊசி போன வழியில் அந்நிய நரம்பணுக்கள் இன்னும் உயிரோடு இருந்தது தெரிந்தது. தாம்சன் கண்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். ஆனால் ஒப்பீட்டுக் குழுவோடு நடத்திய இரண்டாம் கட்ட ஆய்வு 2005-இல் வெளிவந்தபோது, முதன்மை அளவுகோலில் பலன் நிரூபணமாகவில்லை. மெக்கின்டாஷின் காயமுற்ற எலிகளிலும் இதே கதைதான்: செல் பிழைத்தது, எலி தேறவில்லை.

இங்கேதான் கதை திரும்புகிறது. திருப்பியவர்கள் டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனைக்காரர்கள். மைக்கேல் சாப் அடிப்படையில் இயற்பியல்காரர். அவரும் டுன்யூ லூ, ஆசிம் மஹ்மூத் ஆகியோரும் 2001-இல் காயமுற்ற எலிகளின் வால் சிரையில் எலும்பு மஜ்ஜைச் செல்களை ஏற்றினார்கள். எலிகள் தேறின. மூளையைச் சீவிப் பார்த்தால், போய்ச் சேர்ந்த செல்கள் சொற்பம். அவற்றில் நரம்பணு போலத் தோன்றியவை அதிலும் சொற்பம். புது நரம்பணு வளர்ந்து இணைப்புப் போட அவகாசமே இல்லாத வேகத்தில் எலி நடந்தது. அப்படியானால் செல்கள் எதையும் ஈடுகட்டவில்லை. அவை சுரந்த வளர்ச்சிக் காரணிகள்தான், சாகக் கிடந்த உள்ளூர்ச் செல்களைத் தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும். பிரசவ வீட்டுக்கு வந்து, பத்தியம் வைத்துக் கொடுத்து, மாதம் ஒன்று ஆனதும் கிளம்பிப் போகும் சித்தியைப் போல.

ஹியூஸ்டனில் குழந்தைகள் அறுவை மருத்துவர் சார்ல்ஸ் காக்ஸின் குழு இன்னும் ஒரு படி போய், சங்கடமான உண்மை ஒன்றைச் சொன்னது. சிரையில் ஏற்றும் இவ்வகைச் செல்களில் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொள்கிறது. மூளையை எட்டுவது துளி. பலன் வருகிறதென்றால் வேறு பாதையில் வர வேண்டும். மண்ணீரலில் உள்ள நோயெதிர்ப்புச் செல்களோடு பேசி அழற்சியைத் தணிப்பது அந்தப் பாதைகளில் ஒன்று என்று அவர்கள் ஆய்வு காட்டியது. மூளைக் காயத்துக்கு மருந்து மண்ணீரல் வழியாக! கஹால் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

காக்ஸ் அதைக் குழந்தைகளிடம் கொண்டுபோனார். கடும் தலைக்காயத்தோடு வந்த 5 முதல் 14 வயதுவரையான பத்துக் குழந்தைகள். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, சுத்தம் செய்து, உடல் எடையில் கிலோவுக்கு 60 லட்சம் செல் கணக்கில், காயம்பட்ட 48 மணி நேரத்துக்குள் அதே குழந்தைக்குத் திருப்பி ஏற்றினார்கள். 2011-இல் வெளியான அறிக்கை, இதைச் செய்ய முடிகிறது, ஆபத்து இல்லை என்பதோடு நின்றது. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் அதற்கு மேல் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. இந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன்.

இனி ஜப்பான். சான்பயோ என்ற நிறுவனம் ஆரோக்கியமான கொடையாளரின் மஜ்ஜைச் செல்லை எடுத்து, நாட்ச் என்ற மரபணுவின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக உள்ளே நுழைத்து ஒரு செல் தயாரிப்பை உருவாக்கியது. நாட்ச் துண்டு செல் பிரியப் பிரிய மறைந்துவிடும். மூளைக்குள் வைத்த செல்லும் நிலைக்காது. எலிகளில் ஒன்றிரண்டு மாதத்துக்குள் காணாமல் போயிற்று. போகட்டும், போகும்முன் செய்ய வேண்டியதைச் செய்தால் போதும் என்பதே திட்டம். ஸ்டான்ஃபோர்டின் கேரி ஸ்டைன்பெர்க் பழைய பக்கவாத நோயாளிகள் 18 பேரிடம் முதலில் பார்த்து 2016-இல் எழுதினார். சிலருக்கு நல்ல முன்னேற்றம். ஒப்பீட்டுக் குழு இல்லை.

தலைக்காயத்துக்கு வந்தபோது சரியாகச் செய்தார்கள். அமெரிக்கா, ஜப்பான், உக்ரைன் மூன்றிலும் சேர்த்து 61 நோயாளிகள். எல்லோரும் காயம்பட்டு ஓராண்டுக்கு மேல் ஆகி, கை கால் பலவீனத்தோடு நிலைத்துவிட்டவர்கள். இனி முன்னேற்றம் இல்லை என்று வழக்கமாகக் கைவிடப்படும் கட்டம். 46 பேருக்கு 25 லட்சம், 50 லட்சம், ஒரு கோடி என்று மூன்று அளவில் செல்கள். 15 பேருக்கு வெறும் துளை, டியூராவைத் தொடாமல்.

பலனை அளந்தது ஃபூகல்-மேயர் அளவுகோல். 1975-இல் ஸ்வீடனில் உருவான இதில் இயந்திரம் எதுவும் கிடையாது. நோயாளியை உட்காரவைத்து, கையைத் தூக்கு, முழங்கையை மடக்கு, மணிக்கட்டைத் திருப்பு, விரலால் மூக்கைத் தொடு, கணுக்காலை மேலே இழு என்று வரிசையாகச் சொல்வார்கள். முடியவில்லை என்றால் 0, அரைகுறை என்றால் 1, முழுசாகச் செய்தால் 2. கைக்கு 66, காலுக்கு 34, மொத்தம் 100. நோயாளி அன்றைக்கு உற்சாகமாக இருந்தால் இரண்டொரு மதிப்பெண் கூடிவிடும். அதனால்தான் துளைக்காரர்கள் அவசியமாகிறார்கள்.

24 வாரம் கழித்துச் செல் பெற்றவர்களுக்குச் சராசரியாக 8.3 கூடியிருந்தது. துளை மட்டும் பெற்றவர்களுக்கு 2.3. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் மசாஹிதோ கவபோரி முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரை 2021-இல் வெளிவந்தது. தலைக்காயத்துக்குச் செல் வைத்தால் பலன் உண்டு என்று ஒப்பீட்டுக் குழுவை வைத்துக்கொண்டு இவ்வளவு தெளிவாக ஓர் ஆய்வு சொன்னது அதுவரை இல்லை. பதினைந்து பேர் கொண்ட ஒப்பீட்டுக் குழு சிறியது, 24 வாரம் குறுகிய காலம் என்று எதிர்வாதம் சொன்னவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

குறைசொல்ல முடியாததற்குக் காரணமும் இருக்கிறது. அந்த நல்ல செய்தி 2018 நவம்பரில் முதலில் வெளியான மூன்றாம் மாதம், அதே செல்லை 163 பக்கவாத நோயாளிகளிடம் பார்த்த ஆய்வு தோற்றது. ஸ்டைன்பெர்க்கின் 18 பேரிடம் அவ்வளவு அழகாகத் தெரிந்த பலன், ஒப்பீட்டுக் குழு வந்து உட்கார்ந்ததும் கரைந்தது. சான்பயோவின் பங்கு விலை டோக்கியோவில் பாதாளத்துக்குப் போனது.

தலைக்காயப் பக்கம் மட்டும் கதவு திறந்தே இருந்தது. ஜப்பானில் 2014-லிருந்து, செல் மருத்துவத்துக்கு ஆபத்து இல்லை என்பதும் பலன் இருக்கலாம் என்பதும் தெரிந்தால் நிபந்தனையோடும் காலக்கெடுவோடும் அனுமதி தரலாம் என்று சட்டம் இருக்கிறது. முழு நிரூபணத்தை நோயாளிகளுக்குக் கொடுத்துக்கொண்டே சேகரிக்க வேண்டும். இந்தச் சலுகையை மேற்கத்திய விமர்சகர்கள் காய்ச்சி எடுத்திருக்கிறார்கள். சான்பயோ 2022-இல் விண்ணப்பித்தது. அதிகாரிகள் இழுத்தடித்தார்கள், ஆய்வில் பயன்பட்ட செல்லும் ஆலையில் தயாராகும் செல்லும் ஒன்றுதானா என்பது பெரிய கேள்வியாக நின்றது. 2024 ஜூலை 31 அன்று ‘அக்கூகோ’ என்ற பெயரில் நிபந்தனை அனுமதி கிடைத்தது. தலைக்காயத்தால் வந்த நாட்பட்ட கை கால் பலவீனத்துக்கு அரசு அனுமதித்த முதல் செல் மருந்து அதுதான். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை வரும்வரை ஒரு குப்பியைக்கூட மருத்துவமனைக்கு அனுப்பக் கூடாது என்ற நிபந்தனையோடு.

ஆக 1890-இல் தொடங்கிய பாதையில் நாம் நிற்கும் இடம் இது. வைத்த செல் நிலைத்து நின்றபோது நோயாளி தேறவில்லை. செல் காணாமல் போகும் சிகிச்சைதான் முதலில் அனுமதி வாங்கியது.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணம், வாசகர்களில் சிலர் வீட்டில் விபத்தில் தலையில் அடிபட்டவர்கள் இருக்கலாம். ‘ஸ்டெம் செல் சிகிச்சை’ என்று விளம்பரம் செய்யும் இடங்கள் லட்சக்கணக்கில் பணம் கேட்கின்றன. அரிய மரபுநோய் ஒன்றால் பாதிக்கப்பட்ட இஸ்ரேல் சிறுவன் ஒருவனை மாஸ்கோவுக்கு அழைத்துப் போய் 2001 முதல் மூன்று முறை கருமூளைச் செல்கள் ஏற்றினார்கள். பிறகு அவனுடைய மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் வந்தன. தண்டுவடக் கட்டியை எடுத்துச் சோதித்தபோது அதிலிருந்தவை அவனுடைய செல்கள் அல்ல, கொடுத்தவர்களுடையவை என்று தெரிந்தது. 2009-இல் இது மருத்துவ இதழில் வெளியானது. இந்தியாவில் ஐசிஎம்ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தவிர, வேறு எந்த ஸ்டெம் செல் சிகிச்சையையும் அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே கொடுப்பது முறைகேடு.

எனவே யாராவது வந்து, எங்களிடம் பத்துப் பேர் எழுந்து நடந்தார்கள் என்று படம் காட்டினால், பணத்தை எடுக்கும்முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: செல் வைக்காதவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன ஆயிற்று? பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

(தொடரும்)

அடுத்த இதழில்: செல்லுக்குப் பதிலாக மின்சாரம். 1987-இல் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபித் நடுங்கும் கைக்காக மூளைக்குள் இறக்கிய மின்முனை.